சைக்கிளுக்குள் ஒரு முக்கோணம்

'குரங்குப் பெடல்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். அந்தக் காலத்தில் சிறுவர்களுக்கென்று தனி சைக்கிள் வாங்கித் தருவோர் குறைவு. அப்பாவின் பெரிய சைக்கிளில்தான் பழக வேண்டும். சீட்டில் ஏறினால் கால் பெடலுக்கு எட்டாது. பாருக்கு மேலே காலைப் போடவும் முடியாது. எனவே சிறுவர்கள் ஒரு காலை பாருக்குக் கீழே, பிரேமின் முக்கோண இடைவெளிக்குள் நுழைத்து, உடலை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பெடலை மிதிப்பார்கள். அதுதான் குரங்குப் பெடல்.

வேடிக்கையாகத் தோன்றினாலும் இதற்குள் ஒரு நல்ல அறிவியல் கேள்வி இருக்கிறது. அந்த இடத்தில் ஏன் ஒரு முக்கோணம் இருக்கிறது? அது யாருடைய உடலுக்கு அளவெடுத்துச் செய்தது? இன்று கரி இழையால் ஆன பிரேம்கள் வந்துவிட்டன. கார்பன் பிரேம் என்று கடையில் சொல்வது இதைத்தான். ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில்கூட இவை கிடைக்கின்றன. ஆனால் பழைய முக்கோணம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதுவும் ஏன்?

திருவண்ணாமலையில் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நின்றால் எல்லா வகைச் சைக்கிள்களையும் பார்க்கலாம். பால் கேன் தொங்கும் இரும்புச் சைக்கிள், பள்ளிக்கு அரசு தந்த விலையில்லா மிதிவண்டி, கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில் பாருடன் மெல்லிய டயரில் ஓடும் பந்தயச் சைக்கிள் எல்லாம் அந்த 14 கிலோமீட்டர் பாதையில் ஓடுகின்றன. பாதை பெரும்பாலும் சமதளம். போளூர்ப் பக்கம் போய் ஜவ்வாது மலைச் சாலையில் திரும்பினாலோ கடும் ஏற்றம். ஒரே மாவட்டத்தில் இரண்டு விதச் சாலை. இங்கே ஒருவர் கார்பன் பிரேம் வாங்க நினைத்தால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வாருங்கள், முதலிலிருந்து பார்ப்போம்.

ஈர்க்குச்சிச் சோதனை

நான்கு ஈர்க்குச்சிகளை எடுத்து, மூலைகளில் நூலால் கட்டிச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். இப்போது மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து தள்ளிப் பாருங்கள். குச்சி ஒடிந்தாலொழிய வடிவம் மாறாது. மூன்று பக்கங்களின் நீளம் நிலையானால் முக்கோணத்தின் கோணங்களும் நிலையானவை. கணிதப் பாடத்தில் நீங்கள் படித்ததுதான் இது.

1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளை வெளியிட்டார். இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு. பின் சக்கரத்தைச் செயின் சுழற்றும். அதற்கு முன்பு ஓடிய, முன் சக்கரம் ஆளுயரம் இருந்த சைக்கிள்களைவிட இது பாதுகாப்பானது. அடுத்த சில ஆண்டுகளில் இதன் பிரேம் இன்று நாம் காணும் வடிவத்தை அடைந்தது. மேல் குழாய் (நாம் 'பார்' என்பது), கீழ்க் குழாய், சீட் குழாய் மூன்றும் சேர்ந்து முன்பக்க முக்கோணம். சீட் குழாயிலிருந்து பின் சக்கரத்துக்குச் செல்லும் மெல்லிய குழாய்கள் பின்பக்க முக்கோணம்.

கூர்ந்து பார்ப்பவர்கள் ஒரு குறையைச் சொல்லலாம். முன்பக்க முக்கோணம் உண்மையில் முக்கோணம் அல்ல. ஹாண்டில் பாரைத் தாங்கும் தலைக் குழாய் அதன் நான்காவது பக்கம். சரிதான். ஆனால் அந்தப் பக்கம் குட்டையானது. அதனால் முக்கோணத்தின் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

இந்த வடிவம் இந்தியாவுக்கும் வந்தது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் 'ஹெர்குலிஸ்' சைக்கிள்களைச் செய்தது. நம் ஊர்களில் மூட்டை சுமந்து, மூன்று பேரைச் சுமந்து, நாற்பது ஆண்டு உழைத்த சைக்கிள்களின் பலத்தில் பாதி எஃகினுடையது. மறு பாதி அந்த முக்கோணத்தினுடையது.

வாழைநார் சொல்லும் பாடம்

இனி பிரேம் செய்யும் பொருளுக்கு வருவோம். ஒரு பொருள் வளையாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை யங் குணகம் என்ற எண்ணால் குறிப்பார்கள். எஃகுக்கு இது சுமார் 200 கிகா பாஸ்கல். டைட்டானியத்துக்குச் சுமார் 110. அலுமினியத்துக்குச் சுமார் 70. அப்படியானால் எஃகே சிறந்தது அல்லவா?

அவசரப்படாதீர்கள். எடையையும் பார்க்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் விடை ஏறத்தாழ 25 என்றே வரும்! எடைக்கு எடை பார்த்தால் மூன்று உலோகங்களும் ஒரே அளவு விறைப்பானவை. இயற்கை செய்த விந்தையான சமன்பாடு இது.

கரி இழை இந்தச் சமன்பாட்டை மீறுகிறது. இழைகளை ஒரே திசையில் அடுக்கி, எபாக்சி பிசினில் தோய்த்து இறுகவைத்தால், அந்தத் திசையில் யங் குணகம் சுமார் 130. அடர்த்தியோ 1.6 மட்டுமே. வகுத்தால் 80-க்கு மேல்! உலோகங்களைப் போல் மூன்று மடங்கு.

ஆனால் 'அந்தத் திசையில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கோயில் வாசலில் பூக்கட்டுபவர்கள் வாழைநாரைப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். நாரை நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறாது. அதையே குறுக்கே பிரித்தால் இழை இழையாகக் கிழிந்து வரும். கரி இழையும் அப்படித்தான். குறுக்குத் திசையில் அதன் குணகம் 10-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இழைகளைப் பிடித்திருக்கும் பிசினின் பலம் மட்டுமே அங்கே உண்டு.

எனவே பிரேம் செய்பவர்கள் இழைத் தாள்களைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் வேண்டிய திசையில் திருப்பி, அச்சுக்குள் அடுக்குகிறார்கள். குழாய் வளைவதைத் தடுக்க நீளவாக்கில் சில அடுக்குகள். முறுக்குவதைத் தடுக்க 45 பாகை சாய்வில் சில அடுக்குகள். நசுங்காதிருக்கக் குறுக்கே சில. பிறகு சூடாக்கி இறுக வைக்கிறார்கள். எல்லாத் திசைக்கும் சமமாக இழைகளைப் பங்கிட்டால் கரி இழையின் பெருமை பெருமளவு குறைந்துவிடும். எந்த இடத்தில் எந்த விசை வரும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதில்தான் திறமை இருக்கிறது. 'கார்பன்' என்று எழுதியிருக்கும் இரண்டு பிரேம்கள் ஒன்றுபோல் இராததற்கும் இதுவே காரணம்.

இந்த இழை தலைமுடியில் பத்தில் ஒரு பங்குப் பருமனே உடையது. 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேகன் என்ற இயற்பியலாளர் உயர்ந்த பலமுள்ள கரி இழைகளைக் கண்டார். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ, ஒருவகைச் செயற்கை நூலிழையைச் சூடாக்கிக் கரியாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றும் பெரும்பாலான கரி இழை அந்த வழியில்தான் தயாராகிறது. முதலில் விமானத்துக்கும் விண்கலத்துக்கும் போன இழை, பின்பு சைக்கிளுக்கு வந்தது.

பழைய வடிவம், புதிய பொருள்

1986-இல் பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தில் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் வென்றார். அவர் ஓட்டிய 'லுக்' சைக்கிளின் குழாய்கள் கரி இழையால் ஆனவை. அந்தக் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் பொருத்தி ஒட்டியிருந்தார்கள். குழாய்களை இணைப்புகளில் செருகிச் செய்யும் எஃகுப் பிரேமின் முறை அப்படியே கரி இழைக்கும் வந்தது. எனவே வடிவமும் பழையதாகவே இருந்தது. மேல் குழாய் தரைக்கு இணையாக இருந்தது. சீட் குழாயும் தலைக் குழாயும் தரையோடு ஏறத்தாழ 73 பாகைக் கோணத்தில் நின்றன. இதைத்தான் மரபு வடிவம் என்கிறார்கள்.

கரி இழை கரடுமுரடான சாலையைத் தாங்குமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. பிரான்சில் பாரிஸ்–ரூபே என்றொரு பந்தயம் உண்டு. கருங்கல் பாவிய பழஞ்சாலைகளில் எலும்பு குலுங்க ஓட வேண்டும். 1995-இல் அதில் இத்தாலியரான பிராங்கோ பல்லரினி 'கொல்னாகோ சி-40' என்ற மரபு வடிவக் கார்பன் பிரேமில் வென்றார். ஐயம் பெரும்பாலும் நீங்கியது.

அதே காலத்தில் மைக் பர்ரோஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் வேறு வழியில் சிந்தித்தார். மேல் குழாயைப் பின்பக்கமாகச் சரித்துவிட்டால் முக்கோணம் சிறிதாகும், எடை குறையும், விறைப்பு கூடும். சீட்டைத் தாங்கும் கம்பியை நீளமாக வைத்துக்கொண்டால் போதும். தைவானின் 'ஜயண்ட்' நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் இப்படிப்பட்ட பிரேம்களை விற்றது. இதைக் 'காம்பாக்ட்' வடிவம் என்பார்கள். சரிந்த குழாயில் ஒரே பிரேம் பல உயரத்தாருக்குப் பொருந்தும். எனவே பத்து அளவுகள் செய்த இடத்தில் மூன்று நான்கு அளவுகள் போதும். தொழிற்சாலைக்கும் லாபம்.

முக்கோணமே இல்லாத பிரேமும் கரி இழையில் முடியும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் அப்படியொரு 'லோட்டஸ்' சைக்கிளில் தங்கம் வென்றார். ஆனால் பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம், சாலைப் பந்தயச் சைக்கிளின் பிரேம் முக்கோண அமைப்பில்தான் இருக்க வேண்டும், முழுச் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி செய்தது. 2000-இல் இவை நடைமுறைக்கு வந்தன. பழைய முக்கோணம் பந்தய உலகில் நிலைத்திருக்க அறிவியல் பாதிக் காரணம் என்றால், இந்த விதி மறு பாதி.

யாருக்குப் பொருந்தும்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஒரு கணக்குப் போடலாம்.

காலணி இல்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, புத்தகத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நண்பரை அளக்கச் சொல்லுங்கள். இதுவே கால் உள்நீளம். இதை 0.65-ஆல் பெருக்கினால் மரபு வடிவப் பிரேமின் சீட் குழாய் நீளம் தோராயமாகக் கிடைக்கும். 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். சைக்கிள் வீரர்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தும் எண்கள் இவை. துல்லியமான விதி அல்ல, தொடங்குவதற்கு நல்லவை.

கால் உள்நீளம் 86 செ.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிரேம் 56 செ.மீ. சீட் குழாய் 73 பாகை சாய்ந்திருப்பதால் அதன் செங்குத்து உயரம் 56 × 0.956, அதாவது 53.5 செ.மீ. பெடல் அச்சு தரையிலிருந்து சுமார் 27 செ.மீ. உயரத்தில் இருக்கும். குழாயின் பருமனுக்கு 1.5 செ.மீ. சேருங்கள். ஆக மேல் குழாய் 82 செ.மீ. உயரத்தில் நிற்கும். அவர் இரு காலையும் ஊன்றி நின்றால் 4 செ.மீ. இடைவெளி மிஞ்சும். நல்லது.

அடுத்து 72 செ.மீ. கால் உள்நீளம் உள்ள மாணவி. பிரேம் 47 செ.மீ. செங்குத்து உயரம் 45, அதோடு 27, அதோடு 1.5. மொத்தம் 73.5 செ.மீ. அவருடைய காலைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம்! சிக்னலில் நின்றால் கால் முழுதாக ஊன்றாது. திடீரென்று இறங்கினால் குழாய் இடிக்கும்.

பிரேமைச் சிறிதாக்கியும் ஏன் இப்படி? சக்கரத்தின் அளவு மாறவில்லை. எனவே பெடல் அச்சின் உயரமும் குறையவில்லை. அந்த 27 செ.மீ. உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் ஒன்றே. தரைக்கு இணையான மேல் குழாய் என்பது நீண்ட கால் உடையவர்களை மனதில் வைத்துப் பிறந்த வடிவம் என்பது இந்தக் கூட்டல் கணக்கிலேயே தெரிகிறது. குரங்குப் பெடல் போட்ட சிறுவர்களின் சிக்கலும் இதுவே. அப்பாவின் சைக்கிளில் பார் 80 சென்டிமீட்டருக்கு மேலே இருக்கும். பையனின் காலோ 60.

ஆகவே உயரமானவர் மரபு வடிவத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய முக்கோணத்துக்குள் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் எளிதாக அடங்கும். நம் ஊர் வெயிலில் அது சிறிய வசதி அல்ல. குட்டையானவர் சரிந்த மேல் குழாயைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. அழகுக்காக அளவு பொருந்தாத பிரேமை வாங்கினால் முழங்காலும் இடுப்பும்தான் விலை கொடுக்கும்.

கால் நீளம் மட்டும் போதாது. பெடல் அச்சிலிருந்து தலைக் குழாயின் உச்சி வரை உள்ள செங்குத்துத் தூரத்தையும் கிடைமட்டத் தூரத்தையும் நல்ல நிறுவனங்கள் அட்டவணையில் தருகின்றன. கிடைமட்டத் தூரம் கூடினால் அதிகமாகக் குனிய வேண்டும். செங்குத்துத் தூரம் கூடினால் நிமிர்ந்து உட்காரலாம். சீட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். இந்த இரண்டையும் அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது.

ஒரு கிலோவின் விலை

எஃகுப் பிரேம் 2 கிலோ, கார்பன் பிரேம் 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையில் 500 மீட்டர் உயரம் ஏறினால் எவ்வளவு உழைப்பு மிச்சம்?

1 × 9.8 × 500 = 4,900 ஜூல். ஒரு கிலோ கலோரிக்குச் சற்று அதிகம். நம் தசைகள் உணவின் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எனவே உணவுக் கணக்கில் 5 கிலோ கலோரி. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 100 கிலோ கலோரி உண்டு. ஆக மிச்சம் பழத்தின் இருபதில் ஒரு பங்கு!

நேரக் கணக்கு வேறு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால், ஒரு கிலோ குறைவது சுமார் 1.4 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறத்தாழ 50 வினாடி. பந்தய வீரருக்கு அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். பள்ளிக்குப் போகிறவருக்கு அது ஒன்றுமில்லை. சமதளமான கிரிவலப் பாதையிலோ எடையின் பங்கு இன்னும் குறைவு. வேகம் கூடும்போது காற்றின் தடையே முதல் எதிரி. வேகம் இரு மடங்கானால் அத்தடை நான்கு மடங்காகும். சரியான அளவுள்ள பிரேமில் வசதியாகக் குனிந்து ஓட்டுவது, ஒரு கிலோ எடையைக் குறைப்பதைவிடப் பலன் தரும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல்

கரி இழைக்கு ஒரு குணம் உண்டு. எஃகு அடிபட்டால் நசுங்கும் அல்லது வளையும். நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். கரி இழை அடிபட்டால் மேலே சிறு கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் ஒருநாள் சட்டென்று முறியலாம்.

மண்பானை வாங்கும்போது பாட்டி விரலால் தட்டிப் பார்ப்பார் அல்லவா? நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். கார்பன் பிரேமையும் ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போகலாம். ஒரே குழாயில் ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமானால் அங்கே ஐயம் கொள்ள வேண்டும். குழாய் சேரும் இடங்களில் பருமன் மாறுவதால் ஒலியும் இயல்பாகவே மாறும். எனவே இது முதல் சோதனை மட்டுமே. பெரிய விழுகைக்குப் பிறகு தேர்ந்தவரிடம் காட்டாமல் ஓட்டக் கூடாது. பழைய கார்பன் பிரேமை மலிவாக வாங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும்.

திருகாணிகளையும் கை பலத்துக்கு முறுக்கக் கூடாது. குறுக்கே அழுத்தும் விசைதான் குழாயின் எதிரி. எவ்வளவு முறுக்கலாம் என்று பல பிரேம்களில் நியூட்டன் மீட்டர் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். அதை அளக்கத் தனி ஸ்பேனர் உண்டு. எஃகுப் பிரேம் முறிந்தால் தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். கார்பன் பிரேமைச் செப்பனிட அதற்கென்று பயின்றவர் வேண்டும். அந்தப் பிசினை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது.

இப்போது வரிசை தெளிவாகிறது. முதலில் உடல் அளவு. இரண்டாவது, ஓட்டப் போகும் சாலை. மூன்றாவது, அந்த அளவுக்கும் சாலைக்கும் ஏற்ற வடிவம். கடைசியாகத்தான் பொருள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கார்பன் பிரேமை வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் சைக்கிளில் பிரேமை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சீட்டின் உயரத்தை மாற்றலாம். பலர் வாங்கிய நாளில் இருந்த உயரத்திலேயே ஆண்டு முழுவதும் ஓட்டுகிறார்கள். முழங்கால் நாள்தோறும் தேவைக்கு மேல் மடங்கி மடங்கி வலிக்கிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் கால் உள்நீளத்தை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். உங்கள் சைக்கிளில் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட் வரை அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு அதிகமானால் சீட்டைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

2. செய்தித்தாளை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் கிழியுங்கள். ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் கோணலாகவும் கிழியும். காகிதத்திலும் இழைகள் ஒரு திசையை நோக்கியே கிடக்கின்றன.

3. வகுப்பிலுள்ள அனைவரின் கால் உள்நீளத்தையும் பட்டியலிடுங்கள். மேலே கண்ட கூட்டலைச் செய்து, தரைக்கு இணையான மேல் குழாய் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று எண்ணுங்கள். மாணவர், மாணவியர் என்று பிரித்தும் எண்ணுங்கள். கிடைத்த விடையை வைத்து, உங்கள் பள்ளிக்கு எத்தனை அளவுகளில் சைக்கிள் வேண்டும் என்று நீங்களே ஒரு பரிந்துரை எழுதுங்கள்.